ஆடை கட்டும் கண்டென்சர்

அறந்தாங்கியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். மூடிப்போன பயிற்சி நிலையத்தின் சாமான்கள் எடைக்குப் போனபோது பழைய சி.ஆர்.ஓ. (ஆசிலோஸ்கோப்) ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். பல வருடங்களாகக் கரண்ட்டே காணாத கருவி. உள்ளே பவர் சப்ளையில் இருக்கும் பெரிய அலுமினிய டப்பா கண்டென்சர் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா, அல்லது யூடியூபில் சொல்வதுபோல எல்லாக் கண்டென்சர்களையும் பிடுங்கிவிட்டுப் புதிது போடலாமா?

இரண்டும் வேண்டாம். நேரே சொருகினால் கண்டென்சர் வெடிக்கக்கூடும். எல்லாவற்றையும் பிடுங்கினால், நன்றாக இருந்த போர்டின் செம்புத் தடங்கள் சூட்டில் பெயர்ந்து வரும். கண்டென்சர் கிட் விற்பவருக்கு அது லாபம், கருவிக்கு அல்ல.

எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரில் இரண்டு தகடுகளைப் பிரிப்பது காகிதம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காகிதத்தின் முக்கிய வேலை, எலக்ட்ரோலைட் என்ற திரவத்தை உறிஞ்சி வைத்திருப்பது. உண்மையான காப்பு, பாசிட்டிவ் தகட்டின் மேல் வளர்ந்த அலுமினியம் ஆக்சைடு. ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் வீதம் அதை வளர்க்கிறார்கள். 450 வோல்ட் கண்டென்சரில்கூட அதன் கனம் தலைமுடியில் சுமார் நூறில் ஒரு பங்குதான். வருடக்கணக்கில் மின்னழுத்தம் இல்லாமல் கிடந்தால் அந்தப் படலம் திரவத்தில் ஊறி அங்கங்கே நலிந்துவிடும்.

நான் சொக்கிப்போகும் இடம் இனிமேல்தான். நலிந்த கண்டென்சருக்கு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். படலம் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே மின்புலம் அதிகம், அதனால் மின்னோட்டமும் அங்கேதான் பாயும். பாய்கிற மின்னோட்டமே அந்த இடத்தில் அலுமினியத்தையும் ஆக்சிஜனையும் சேர்த்துப் புது ஆக்சைடை வளர்க்கிறது. கனம் கூடக்கூட மின்புலம் தணிகிறது, ஒழுக்கும் தானாக அடங்குகிறது. ஓட்டையைத் தேடிப் போய் அடைக்க ஆள் தேவையில்லை. ஒழுகுவதே அடைக்கிறது.

அடுப்பில் பால் ஆடை கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடையைக் கரண்டியால் கிழித்தாலும், இளந்தீயில் விட்டால் கிழிந்த இடத்தில் மறுபடி கட்டும். தீயை ஏற்றினால் பொங்கி அடுப்பை அணைக்கும். கண்டென்சரின் தலை உப்பித் திறந்து திரவம் கொட்டுவதும் அதேதான். அடிப்பிடிக்கும்வரை வற்றிய சட்டியில் ஆடை எங்கிருந்து வரும்? திரவம் காய்ந்த கண்டென்சரும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு: பாலாடை தடித்துக்கொண்டே போகும், ஆக்சைடோ கொடுத்த வோல்ட்டுக்குரிய கனம் வந்ததும் நின்றுவிடும்.

வரலாற்றுக்கு இரண்டு வரி போதும். போலந்துக்காரரான கரோல் பொல்லாக் 1896-இல் இத்தகைய கண்டென்சருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அமெரிக்காவின் சாமுவேல் ரூபன் 1920-களில் இன்றைய வடிவத்தை நெருங்கினார். நமக்குப் பக்கத்துச் செய்தி வேறு. புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. அங்கே ஆராயப்படும் மின்வேதியியல்தான் நம் வாசகரின் டப்பாவுக்குள்ளும் நடக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லித் தர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

செய்முறைக்கு வருகிறேன். கண்டென்சரின் இணைப்பைச் சர்க்யூட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்து, கூட்டிக் குறைக்கக்கூடிய டி.சி. சப்ளையிலிருந்து, பாசிட்டிவ் நெகட்டிவ் மாறாமல், 100 வோல்ட் கொடுங்கள். மீட்டரைக் கண்டென்சரின் முனைகளில் வையுங்கள். 60 வோல்ட்டில் நின்றால், மீதி 40 ரெசிஸ்டரில் விழுகிறது; அதாவது 0.85 மில்லி ஆம்பியர் ஒழுகுகிறது. காத்திருங்கள். 61, 62 என்று எண் ஏறும். ஒவ்வோர் எண்ணிலும் உள்ளே ஆக்சைடு வளர்கிறது. சப்ளையின் அளவை நெருங்கியதும் அடுத்த படி கூட்டுங்கள். டப்பாவில் அச்சிட்ட வோல்ட்டைத் தாண்டக் கூடாது. முடிந்ததும் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்கவே கூடாது. 300 வோல்ட் சேர்ந்த கண்டென்சர் ஆளைக் கொல்லும். சி.ஆர்.ஓ.வின் பிக்சர் டியூப் பகுதியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டு. பழக்கமில்லாதவர்கள் அனுபவமுள்ள மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இதை மந்திரமாக நினைத்துவிட வேண்டாம். ஆக்சைடு வளரும், காய்ந்த திரவம் திரும்பாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலைட்டிக்கின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. தகரக் கொட்டகையில் பல சித்திரை வெயில்களைத் தாங்கிய கருவியில் அந்தத் திரவம் பாதிக்கு மேல் காய்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆகவே கண்டென்சரின் உள் மின்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டரிலும் சோதியுங்கள்.

தேறாவிட்டால், டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பிகளை மட்டும் அதிலிருந்து பிரித்து, அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேலான, 105 டிகிரி என்று அச்சிட்ட புதுக் கண்டென்சர்களை அடியில் பொருத்துங்கள். ஒரே டப்பாவுக்குள் மூன்று பிரிவு இருந்திருந்தால் மூன்று தனிக் கண்டென்சர். சின்ன எலக்ட்ரோலைட்டிக்குகளில் உப்பியதையும் சோதனையில் தோற்றதையும் மட்டும் மாற்றினால் போதும். மெயின்ஸ் நுழையும் இடத்தில் மஞ்சள் கண்ணாடி போன்ற உறையில் விரிசல் விட்ட காகிதக் கண்டென்சர் இருந்தால், அதை முதலில் மாற்றுங்கள். அதற்கு ஆடை கட்டும் வித்தை தெரியாது.