மண்ணில் ஒளி புகுமா?

மாணவர்களே! ஒரு வெள்ளைத் தாளில் ஒரு துளி எண்ணெய் விட்டு, விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் வெளிச்சம் அதிகமாகப் புகுந்து வருகிறது. ஏன்?

தாளின் இழைகளுக்கு இடையே காற்று உள்ளது. இழை, காற்று ஆகியவற்றின் ஒளிவிலகல் எண்கள் மிகவும் வேறுபடுவதால், ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் இழையினுடையதற்கு நெருங்கியது. அது காற்றின் இடத்தை நிரப்பியதும் சிதறல் குறைகிறது.

பழைய பீங்கான் பொருள்களைச் சேகரிப்போர் கிண்ணத்தை விளக்கின் முன் பிடித்துப் பார்ப்பதும் இத்தத்துவத்தைக் கொண்டுதான். மண்பானையில் நுண்துளைகள் உண்டு. ஒளி புகாது, நீர் கசியும். பீங்கானுக்கோ கயோலின் என்னும் வெண்களிமண்ணுடன் ஃபெல்ஸ்பார் போன்ற கனிமத்தைச் சேர்க்கிறார்கள். சுமார் 1300 டிகிரி செல்சியஸில் அது உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைக்கிறது. மெல்லிய பீங்கானில் ஒளி புகுகிறது.

சீனர் அறிந்த இந்த நுட்பம் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் புதிராகவே இருந்தது. எரிவில்லைகளால் சூரிய ஒளியைக் குவித்துக் கனிமங்களை உருக்கி ஆராய்ந்த சிர்ன்ஹௌஸும், சாக்சனி மன்னர் அகஸ்டஸின் காவலில் இருந்த பாட்கரும் 1708-இல் அதை விடுவித்தனர். 1710-இல் மைசன் தொழிற்சாலை தோன்றியது. அதன் பின்னும் மன்னரின் மோகம் தணியவில்லை! 1717-இல் 600 படைவீரர்களைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்து, 151 சீனப் பீங்கான்களை வாங்கினார்.

மைசன் பொருளின் அடியில் நீல நிறக் குறுக்கு வாள்கள் இருக்கும். ஆனால் முத்திரையைப் போலியாகவும் வரையலாம். அதை மட்டும் நம்பியவர் ஏமாறுவார். உடைந்ததை ஒட்டி விற்பதும் உண்டு. கிண்ணத்தை மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதன் இரு முகங்களும் உராய்ந்து அதிர்வின் ஆற்றலை விழுங்கும்; ஒலி சட்டென அடங்கும். நுட்பமான பொம்மைகளைத் தட்டக் கூடாது. அவற்றைப் புறஊதா ஒளியில் பார்த்தால், ஒட்டுப்பசையும் மேற்பூச்சும் மற்றப் பகுதியினின்று வேறுபட்டு ஒளிரக் காணலாம். இச்சோதனைகள் பொருளின் வயதைச் சொல்லா. அதன் உடல்நிலையைச் சொல்லும்.

உங்கள் வீட்டுக் கோப்பையை விளக்கின் முன் பிடித்து, பின்புறம் விரலை அசையுங்கள். நிழல் தெரிகிறதா? தெரியாவிட்டால் காரணம் தடிப்பா, துளைகளா? மெருகு பூசாத அடிவிளிம்பில் ஒரு துளி நீரிட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் விடை கிடைத்துவிடும்.