இனத்துக்கென ஒதுக்கிய போட்டிகள்: எந்த அளவுகோலால் அளப்பது?

ஒரு தொழில் போட்டி நடக்கிறது. நல்ல திட்டத்தோடு வருபவருக்குப் பணம் கிடைக்கும். ஆனால் இன்ன இனத்தவர் மட்டுமே கலந்துகொள்ளலாம். இது பழைய ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் முயற்சியா? அல்லது புதிய ஏற்றத்தாழ்வா? பட்டம் முடித்து வேலை தேடவோ தொழில் தொடங்கவோ போகும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2011-இல் அமைக்கப்பட்ட ‘தெராஜு’ என்ற அரசு அமைப்பு, 2014-இல் ‘சுபெர்ப்’ திட்டத்தைத் தொடங்கியது. பூமிபுத்ரா இளம் தொழில்முனைவர்கள் தங்கள் திட்டத்தை நடுவர்கள் முன் விளக்க வேண்டும். வென்றவருக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை மானியம். கடன் அல்ல, மானியம். இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மனம் பொருமும். ஆனால் நமக்கென்றும் திட்டங்கள் உண்டு. டெக்குன் நேஷனல் வழி இந்தியர்களுக்கு மட்டும் ‘ஸ்பூமி’ கடன் கிடைக்கிறது. 2024-இல் அமானா இக்தியார் மலேசியா, இந்தியப் பெண்களுக்காக 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டில் ‘பெண்’ என்ற கடன் திட்டத்தைத் தொடங்கியது. என் மலாய் வகுப்புத் தோழன் ஒருவன் ஒருநாள் கேட்டான்: “உங்களுக்கென்று வந்தால் உரிமை, எங்களுக்கென்று வந்தால் பாகுபாடா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனாலும் அது பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

பதிலைத் தேடினால் வரலாறு சில உண்மைகளைச் சொல்கிறது. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் மலாய்க் குடும்பங்களில் சுமார் 65 விழுக்காடு ஏழ்மையில் இருந்தன. இந்தியர்களில் அது 39 விழுக்காடு, சீனர்களில் 26 விழுக்காடு. நிறுவனப் பங்குகளில் பூமிபுத்ராக்களின் கையில் இருந்தது 2.4 விழுக்காடு மட்டுமே. ஆக, அவர்களுடைய தேவை கற்பனை அல்ல. 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இரண்டு இலக்குகள் இருந்தன. ஒன்று, இன வேறுபாடின்றி ஏழ்மையை ஒழிப்பது. மற்றொன்று, இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது. இரண்டாவது இலக்கின்படி 1990-க்குள் பூமிபுத்ராக்களுக்கு 30 விழுக்காட்டுப் பங்குடைமை என்று குறி வைக்கப்பட்டது. இந்தியர்களுக்கெனத் தனிக் குறி எதுவும் அன்று இல்லை. ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில்தான் 2020-க்குள் 3 விழுக்காடு என்ற இலக்கு வந்தது.

எண்களை மட்டும் பார்த்தால் நம்மவர் பின்தங்கிய காரணம் புரியாது. பால்மரக் காட்டில் வேலை செய்தவருக்குச் சம்பளமும் லயத்து வீடும் ஒரே முதலாளியிடமிருந்து வந்தன. தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் அதன் வாசலோடு நின்றுவிட்டன. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். வேலை போனதும் வீடும் போனது.

அந்தச் சூழலில்தான் எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிச் சேர்ந்தார்கள். திரண்ட பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தொடங்கிப் பல தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த முயற்சி முதலில் தடையைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டது. தோட்டம் கைமாறினால் தொழிலாளி தெருவுக்கு வருகிறான், ஆகவே தோட்டத்தைத் தொழிலாளியே வாங்க வேண்டும். திட்டத்துக்கும் தடைக்கும் நேரான தொடர்பு இருந்தது.

அமெரிக்காவில் இதே விவாதம் நீதிமன்றத்துக்கே போனது. அட்லாண்டாவின் ‘ஃபியர்லெஸ் ஃபண்ட்’ என்ற முதலீட்டு நிறுவனம், கறுப்பினப் பெண்களின் சிறுதொழில்களுக்கு மட்டும் 20,000 டாலர் மானியப் போட்டி நடத்தியது. முதலீட்டாளர் பணம் அவர்களை எட்டுவதே அரிது என்பது அதன் வாதம். 2023 ஆகஸ்டில் வழக்குத் தொடரப்பட்டது. ஒப்பந்தம் செய்வதில் இனப் பாகுபாடு கூடாது என்னும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தப் போட்டி மீறுவதாகவே தெரிகிறது என்று, 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லித் தடை விதித்தது. செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டுப் போட்டி மூடப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரைக் காக்க வந்த சட்டமே அவர்களுக்கான போட்டியை நிறுத்தியது.

நம் நாட்டுச் சட்டம் வேறு வகை. அரசியலமைப்பின் 8-ஆவது விதி இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. 153-ஆவது விதி மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் அரசுப் பணி, உபகாரச் சம்பளம், உரிமம் போன்றவற்றில் ஒதுக்கீட்டை அனுமதிக்கிறது. இரண்டுமே அரசாங்கத்தைப் பற்றியவை. 2005-இல் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில், அரசியலமைப்பு தரும் இத்தகைய உரிமைகள் தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தா என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரி முதல், வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராற்றைப் பேசுகிறதே தவிர, வேலைக்கு விண்ணப்பிப்பவரை வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை.

விண்ணப்பிக்கும் இடத்தில்தான் பெரிய தடை இருக்கிறது. லீ ஹ்வோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு ஆய்வாளர்கள் புதிய பட்டதாரிகளின் பெயரில் கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சீனப் பெயர்களில் சுமார் 22 விழுக்காட்டுக்கு அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர்களில் 4 விழுக்காட்டுக்குத்தான். இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்பது 2023 ஜூன் முதல் கட்டாயம். இனப் பன்மைக்கு அப்படி ஓர் எண்ணிக்கைக் கட்டாயம் இல்லை.

என் தோழனின் கேள்விக்கு என் பதில் இதுதான். ‘யாருக்கு’ என்பதை மட்டும் வைத்து ஒரு திட்டத்தை நான் நிராகரிக்கவும் மாட்டேன், பாராட்டவும் மாட்டேன். இரண்டு கேள்விகளைக் கேட்பேன். எந்தத் தடையை இது நீக்குகிறது? அந்தத் தடை நீங்கியதா என்று யார் கணக்குக் காட்டுகிறார்கள்?

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா வழியாக உள்ளே போனால் தெமியார் ஒராங் அஸ்லி கிராமங்கள் வரும். அங்கே வளரும் பிள்ளையும் தலைநகரில் வசதியாக வளர்ந்த பிள்ளையும் பூமிபுத்ரா என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குகிறார்கள். நடுவர் குழு முன் நின்று பேசும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றா? ‘இந்தியர்’ என்ற சொல்லும் அப்படித்தான். தோட்டம் மூடப்பட்டபின் பலகாரம் சுட்டு விற்கும் அம்மாவும், கோலாலம்பூரில் மூன்று கிளை வைத்திருக்கும் வியாபாரியும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள். ‘ஸ்பூமி’ யாரிடம் போய்ச் சேருகிறது, கடன் வாங்கியவரின் தொழில் ஐந்தாண்டு கழித்தும் நடக்கிறதா என்று நாமும் கேட்க வேண்டும். ‘சுபெர்ப்’ திட்டத்தைப் பார்த்து மட்டும் கேட்டால் அது பொறாமை. இரண்டையும் பார்த்துக் கேட்டால்தான் அது நியாயம்.

இந்த இதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் சிலர் இன்று நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள். அடுத்த முறை விண்ணப்பங்களைப் பிரிக்கும்போது எந்தப் பெயர்கள் ஒதுங்குகின்றன என்று ஒரு கணக்கு எழுதிப் பாருங்கள். மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த வேலைக்கு உண்மையில் தேவையா என்று கூட்டத்தில் கேளுங்கள். சட்டம் எட்டாத இடத்தில் உங்கள் கேள்வியாவது எட்டட்டும்.