மனையில் நட்ட காந்தள்

சங்கச் செய்யுளைப் படிப்பிக்கும் ஆசிரியன் எவனும் காந்தளைக் கடந்து போக முடியாது. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை அடுக்குகின்றார்; அவற்றுள் முதலில் நிற்பது செங்காந்தள். தொல்காப்பியர் வேலன் வெறியாடும் புறத்துறை ஒன்றுக்குக் காந்தள் என்றே பெயரிட்டார். இவற்றையெல்லாம் 25 ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பிலே சொல்லி வருகின்றேன்.

ஒரு நாள் மாணாக்கர் ஒருவர் எழுந்தார். "ஐயா, காந்தள் ஓரிடத்தில் பெண்ணின் விரல் என்கிறார்கள்; ஓரிடத்தில் பாம்பின் படம் என்கிறார்கள்; தோன்றி என்ற பெயரோடு வருமிடத்தில் விளக்கின் சுடர் என்கிறார்கள். ஒரு பூ எப்படி மூன்றாகும்?" என்று கேட்டார். உரையாசிரியர்களைத் துணைக்கழைத்து ஏதோ விடை சொன்னேன். அவர் தலையசைத்து அமர்ந்தார். அந்த விடை அவருக்கும் நிறைவில்லை, எனக்கும் நிறைவில்லை. காந்தளை வேலியோரத்திலே கண்டதுண்டு, நின்று பார்த்ததில்லை. உண்மை இதுதான்.

அன்று மாலையே காந்தள் தேடிப் புறப்பட்டேன். என் இளமைக் காலத்தில், கார்த்திகை பிறந்தால், எங்கள் ஒழுங்கையின் கிளுவை வேலியிலும் பூவரச வேலியிலும் அது தானாகவே ஏறி நின்று பூக்கும். எவரும் நட்டதில்லை, எவரும் நீர் வார்த்ததில்லை. இன்று அந்த வேலிகள் நின்ற இடங்களில் மதில்கள் நிற்கின்றன. வழுவழுப்பான மதிலில் கொடி எதைப் பற்றும்? ஒழுங்கை முழுவதும் நடந்தேன். ஒரு கொடியும் காணேன்.

அந்த நாட்களில் மலைநாட்டிலே படிப்பிக்கும் என் பழைய மாணாக்கி ஒருவர் கிளாடியோலஸ் கிழங்குகள் சிலவற்றைக் கொண்டுவந்து தந்தார். அப்பெயருக்கு இலத்தீன் மொழியிலே சிறுவாள் என்பது பொருள். இலையின் வடிவு கருதி வந்த பெயர். காந்தள் கிடையாத குறையை இது தீர்க்கட்டும் என்று எண்ணி, ஐப்பசியில் கிணற்றடியில் நட்டேன். முளைத்தது, இலை விட்டது, பெருமழை பெய்து நீர் தேங்கியதும் அடியோடு அழுகிப் போயிற்று.

குற்றம் பூவினது அன்று, என்னுடையது. தோட்ட நூல்கள் ஒரு செடியை வன்மையுடையது என்னும்போது, பெரும்பாலும் உறைபனியைத் தாங்கும் வன்மையையே கருதுகின்றன. மேனாட்டார் கிளாடியோலஸ் வகைகளுட் பலவற்றைப் பனி தொடங்குமுன் அகழ்ந்தெடுத்து, உலர்த்திக் காத்து, இளவேனிலில் மீண்டும் நடுவர். மத்தியதரைக்கடற் பகுதிக்குரிய பைசாந்தியக் கிளாடியோலஸ் போன்ற சிலவே குளிர்காலத்திலும் மண்ணிலே கிடந்து பிழைக்கும். அவற்றையே வன்மையுடையவை என்பர். எங்கள் செம்பாட்டு மண்ணிலே பனி ஏது? இங்கே ஒரு கிழங்கு தாங்கவேண்டியவை இரண்டு: பல மாதக் கோடை, அதன்பின் கொட்டுகின்ற மாரி. இவ்விரண்டையும் தாங்கக் கற்ற கிழங்கு எது என்று எண்ணிய பொழுது, மனம் மீண்டும் காந்தளுக்கே வந்தது.

குறுந்தொகையிலே கபிலர் பாட்டொன்று உண்டு, 361ஆம் செய்யுள். தலைவனுடைய மலையிலே மாலையில் மழை பெய்கின்றது. காலையில் ஆற்றுநீர் ஒரு காந்தளை வேரோடும் கிழங்கோடும் கொண்டுவந்து சேர்க்கின்றது. தலைவி அதனைத் தழுவுகின்றாள். வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகின்றாள். தாய் கண்டும் தடுக்கவில்லை. அந்தத் தாய்க்குக் கைம்மாறாக மேலுலகமும் சிறிது என்கின்றாள் தலைவி. மனைத் தோட்டத்திலே காந்தள் வளர்த்த செய்தி தமிழில் அவ்வளவு பழையது. பலமுறை படிப்பித்த பாட்டுத்தான். அன்றுதான் எனக்கு அது தோட்டத்தைப் பற்றியதுமாயிற்று.

நண்பர் ஒருவருடைய பற்றைக் காணியிலிருந்து இரண்டு கிழங்குகள் கிடைத்தன. என் இல்லாள் பாட்டிலுள்ள தாயைப் போல வாளாவிருக்கவில்லை. "பேரன் தவழத் தொடங்கிவிட்டான், நஞ்சைக் கொண்டுவந்து முற்றத்தில் வைக்கலாமோ?" என்றார். அவர் கேட்டது நியாயம். காந்தளின் எல்லா உறுப்பும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. கொல்சிசின் என்னும் பொருள் அதிலே உண்டு. அளவறிந்து மருத்துவர் கொடுத்தால் அது கீல்வாத மருந்து. அளவு மீறினால் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுத்து, குடலையும் எலும்பு மச்சையையும் கெடுத்து, உயிரையும் கொள்ளும். வற்றாளங்கிழங்கென மயங்கி இதனை அவித்துண்டு இறந்தாரும் எங்கள் நாட்டிலே உளர். அறிந்தே உண்டாரும் உளர்; அந்தத் துயரை விரிக்க விரும்பவில்லை.

ஆதலால் எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. வற்றாளையும் இராசவள்ளியும் உள்ள பக்கம் காந்தள் போகலாகாது. வளவின் மூலையில், குழந்தை நுழையாதபடி கதியால் நெருக்கி அடைத்த சிறு வேலிக்குள்ளே அது வாழவேண்டும். கிழங்கைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். எவரேனும் தவறி உண்டால், கைவைத்தியம் பாராது அந்தக் கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். காந்தள் வளர்க்க விரும்பும் அன்பர்கள் வேறெதை மறந்தாலும் இவற்றை மறவாதிருப்பாராக.

நடும் முறை எளிது. கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. முளை அதன் கிளை நுனியிலே இருக்கின்றது. நுனி எளிதில் முறியும்; முறிந்தால் அவ்விடத்தில் முளை வராது. ஆகவே பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தவேண்டும். மாரிக்கு முன், ஆவணி புரட்டாதியில், மண்ணை மேடாக்கி இலைக்குப்பை கலந்து, கிழங்கைக் கிடையாக வைத்து, 2 அல்லது 3 அங்குல மண் மூடினேன். நீர் தேங்காதிருப்பதே முதன்மை. கிளாடியோலஸ் கற்பித்த பாடம் அது. ஏறுவதற்குச் சில தடிகள் நட்டேன். இலை நுனியே சுருண்டு கைபோலப் பற்றிக் கொள்கின்றது, நாம் கட்டிவிடவேண்டியதில்லை.

கார்த்திகையிலே பூத்தது. நாள்தோறும் விடியலில் போய் நின்றேன். முதலில் பச்சை மொட்டுத் தலைகவிழ்ந்து தொங்குகின்றது. அது விரியும்போது, ஒடுங்கிய ஆறு இதழ்களும் கீழ்நோக்கி நீள்கின்றன: அது விரல். பின் அவை நெளிந்து பின்னோக்கி வளைந்து எழுகின்றன: அது படம். முற்றாக மேல்நோக்கி நின்று, அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகும் பொழுது: அது சுடர். சில நாட்கள் சென்றபின் முழுவதும் சிவந்து விடுகின்றது. ஒரே கொடியில் மூன்று நிலையும் ஒருங்கே கண்டேன். புலவர்கள் முரண்படவில்லை, ஒருவர் கண்ட நாளில் மற்றவர் காணவில்லை, அவ்வளவே.

வினாவெழுப்பிய மாணாக்கரையும் அவர் தோழர்களையும் வீட்டுக்கு அழைத்தேன். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. வேலிக்கு வெளியே நெடுநேரம் நின்று பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "ஐயா, சூல்தண்டு ஏன் அடியிலேயே மடிந்து பக்கவாட்டில் நிற்கின்றது?" என்றார். தன் பூந்தாது தன்மேலேயே படாதிருக்கும் ஏற்பாடு அது என்றேன். புதிய வினா கிடைத்ததில் மகிழ்ந்தேன். அவர்கள் புறப்படும்போது கைகழுவச் செம்பில் நீர் கொண்டுவந்தவர் என் இல்லாள்.

மாசியிலே கொடி மடிந்தது. பேரன் வேலியருகே தவழ்ந்து சென்று வெறுந்தடிகளைப் பார்த்தான். மண்ணை மெல்ல நீக்கினேன். நட்ட கிழங்கு சுருங்கிச் சருகாய்க் கிடந்தது. அதன் இடத்தில் புதிய கிழங்கு ஒன்று திரண்டிருந்தது. நீர் வார்க்காமல் மீண்டும் மூடிவிட்டேன். கோடை முழுவதும் அது உறங்கும், உறங்கவும் வேண்டும்.

இரண்டாவது குழியில் இருந்ததை அந்த மாணாக்கர் கேட்டிருக்கின்றார். அவர் வீட்டில் இன்னும் கிளுவை வேலி உண்டாம். கிழங்கோடு, அதன் நஞ்சைப் பற்றி விரிவாக ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கின்றேன். அது அவருக்கன்று, அவருடைய தாயாருக்கு.