உங்களுக்குத் தெரியுமா? சீக்கிரம் நட்டால் சீக்கிரம் பால்!

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு இது. கன்று நட்டு ஏறத்தாழ 7 ஆண்டுகள் காத்திருந்தால்தான் முதல் பால்வெட்டு. அதன்பின் 20, 25 ஆண்டுகள் சிரட்டையில் பால் சொட்டும். முதுமைக்கான சேமிப்பும் அப்படித்தான்.

2015-இல் தொடங்கிய அடல் பென்ஷன் திட்டத்தில், 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெற:

● 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய். 42 ஆண்டுகளில் மொத்தம் 1,05,840 ரூபாய்.

● 30 வயதில் சேர்ந்தால் மாதம் 577 ரூபாய். மொத்தம் 2,07,720 ரூபாய்.

● 40 வயதில் சேர்ந்தால் மாதம் 1,454 ரூபாய். மொத்தம் 3,48,960 ரூபாய்.

மூவருக்கும் பென்ஷன் ஒன்றுதான்! சந்தாதாரர் இறந்தால் அதே தொகை கணவருக்கோ மனைவிக்கோ தொடரும். இருவரும் மறைந்தபின் நியமனதாரருக்கு 8.5 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

சேரும் வயது 18 முதல் 40 வரை. வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு வேண்டும். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் சேர முடியாது.

விலைவாசி ஏறும்போது 5,000 ரூபாய் மட்டும் போதாதுதான். கூடவே வேறு சேமிப்பும் வேண்டும். ஆனாலும் முந்திரி ஆலைக்குப் போகும் அக்காவுக்கும், கடலுக்குப் போகும் தம்பிக்கும் மாதம் தவறாமல் கைக்கு வரும் பணம் பெரிய தெம்பு. உங்கள் வீட்டில் 18 வயதானவர் இருந்தால் இன்றே சொல்லுங்கள்.