தாயாரைப் போஷிப்பது யார்?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தை பிறந்து சித்திரை வருவதற்குள் பல குடும்பங்களில் ஒரு விசாரணை நடைபெறுகிறது. ஏப்ரல் 15-ந் தேதிக்குள் வருமான வரிக் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். வயது முதிர்ந்த தாயாரை, தம்மை அண்டி வாழ்பவர் என்று அதில் எழுதலாமா, கூடாதா? தாயாருக்குச் சர்க்கார் மாதந்தோறும் பணம் கொடுக்காதிருந்தால் விஷயம் சுலபம். கொடுக்கிறதே, அதில்தான் சிக்கல்.

அண்டி வாழ்வோருக்காக ஆளுக்கு 200 டாலர் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி அங்கே 1917-ல் ஏற்பட்டது. முதியோருக்குப் பென்ஷன் தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது 1935-ல். வறிய முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் உரிய துணை வருமானத் திட்டம் 1974-ல் வந்தது. மகன் போஷிக்கிறானா, சர்க்கார் போஷிக்கிறதா என்ற வழக்கு இவ்வாறு பிறந்தது.

இதில் முக்கியமான நிபந்தனைகள் இரண்டு. தாயாரின் சொந்த வருமானம் 2025-ம் வருஷத்துக்கு 5,200 டாலருக்குக் குறைவாயிருக்க வேண்டும் என்பது முதலாவது. இதைக் கேட்டுப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். பென்ஷனில் வரிக்கு உட்படாத பகுதியும், துணை வருமானம் முழுவதும் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

இரண்டாவதுதான் கடினம். தாயாரின் ஜீவனச் செலவில் பாதிக்கு மேல் மகன் கொடுத்திருக்க வேண்டும். தாயாருக்கு வருஷத்தில் 12,000 டாலர் பென்ஷன் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அதில் 9,000 டாலரைச் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் மருந்துக்கும் செலவழித்து, 3,000 டாலரைப் பாங்கியில் போடுகிறாள். பாங்கியில் போட்டது ஜீவனச் செலவாகாது. ஆகவே மகன் கொடுத்தது 9,000 டாலரைத் தாண்டினால் போதும். மகன் வீட்டில் தாயார் தங்கியிருக்கும் அறைக்கு ஊரில் என்ன வாடகை கிடைக்குமோ, அதுவும் மகன் கொடுத்ததாகவே கொள்ளப்படும். ஏழை என்பதற்காகச் சர்க்கார் கொடுக்கும் உணவு உதவி முதலியவை சர்க்கார் பங்கில் சேரும்.

பின்னக் கணக்குக்கே முகம் சுளிக்கும் நம் மாணாக்கர்கள் மேலே வருவதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ! துணை வருமானம் பெறும் தாயார் வாடகையின்றி மகன் வீட்டில் தங்கினால், அந்தத் தொகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கப்படலாம். (உணவு கொடுப்பதும் முன்பு குற்றமாயிருந்தது, 2024 செப்டம்பர் 30 முதல் அது கணக்கில் இல்லை.) வரிக் கணக்கில் மகனுக்கு அனுகூலமான அதே அறை உதவிக் கணக்கில் தாயாருக்குப் பாதகமாகிறது. வரித்தாளில் பெயர் எழுதுவதால் மட்டும் உதவி குறைவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

லாபம் எவ்வளவு? முன்பிருந்த கழிவு 2018-ல் போய்விட்டது. இப்போது தாயார் போன்றவருக்காக வரியில் குறைவது அதிகபட்சம் 500 டாலர். 2025-ல் முழுத் துணை வருமானம் மாதம் 967 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்கு போனால் வருஷத்தில் 3,800 டாலருக்கு மேல் நஷ்டம். எனவே தாயார் தம் பங்கு வாடகையைக் கொடுத்துத் தம் பணத்தை முழுமையாகப் பெறுவதே மேல் என்பது நம் அபிப்பிராயம். மணமாகாத மகனுக்கோ மகளுக்கோ குடும்பத் தலைவர் என்ற முறையில் வேறு வரிச் சலுகையும் கிடைக்கக் கூடுமாதலால், அவர்கள் சற்று நிதானித்துக் கணக்குப் போட வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் தயாளமானது. பெற்றோர் பாதிக்கு மேல் கொடுத்தார்களா என்று கேட்பதில்லை. குழந்தை தன் செலவில் பாதிக்கு மேல் தானே கொடுத்துக்கொண்டதா என்றுதான் கேட்கிறது. நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு இதில் வயது வரம்பும் இல்லை.

அண்ணன் தம்பிகள் கூடித் தாயாரைக் காப்பாற்றினால்? எவரும் தனியே பாதியைத் தாண்டாவிட்டாலும், கூட்டாகத் தாண்டினால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்த ஒருவர் எழுதிக்கொள்ளலாம். அதே அளவு கொடுத்த மற்றவர்கள், அவ்வருஷம் தாங்கள் உரிமை கோரவில்லை என்று கையொப்பமிட்டுத் தர வேண்டும். அடுத்த வருஷம் முறை மாற்றிக்கொள்வதும் உண்டு.

அங்கே உத்தியோகம் பார்க்கும் நம்மவர் சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பெற்றோர் அமெரிக்கப் பிரஜைகளாகவோ அங்கே வசிப்பவர்களாகவோ இல்லையென்றால், செலவு முழுவதையும் மகனே கொடுத்தாலும் எழுத இடமில்லை. கனடாவிலோ மெக்ஸிகோவிலோ வசிக்கும் பெற்றோருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.