10 குதிரைசக்தி என்றால் எவ்வளவு? படகு என்ஜின் வாங்குவோர் கவனத்திற்கு

அந்தமான் தீவுகளில் கடலை நம்பிப் பிழைப்போரில் தமிழர்களும் உண்டு. அவர்களுக்கு ஓர் அவுட்போர்டு மோட்டார் என்பது குடும்பத்தின் முதல். சீட்டுப் பணம் போதாமல், வீட்டு நகையை அடகு வைத்து வாங்குவோரும் இருக்கிறார்கள். கடையில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைசக்தி?" என்பதுதான். ஆனால் மூடியின் மேல் எழுதியுள்ள அந்த எண் எங்கே, எப்படி அளக்கப்பட்டது என்று கேட்போர் மிகக் குறைவு.

குதிரையும் நெல் மூட்டையும்

நீராவி என்ஜினைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், தமது என்ஜின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாடிக்கைக்காரர்களுக்கு விளக்க 18-ம் நூற்றாண்டில் இந்த அளவை வகுத்தார். 550 பவுண்டு எடையை ஒரு விநாடியில் ஓர் அடி உயர்த்தும் வேலையே ஒரு குதிரைசக்தி. இது சுமார் 746 வாட்.

மெட்ரிக் குதிரைசக்தி என்று இன்னொன்று உண்டு. 75 கிலோ நெல் மூட்டையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் வேலை அது. அதன் அளவு 735.5 வாட். ஆகவே தகட்டில் 29.4 கிலோவாட் என்றிருக்கும் என்ஜின், மெட்ரிக் கணக்கில் 40 குதிரைசக்தி. வாட் வகுத்த கணக்கில் 39.4 தான். இரண்டு என்ஜின்களை ஒப்பிடுவோர் கிலோவாட்டைப் பார்ப்பதே நலம்.

அளப்பது எங்கே?

சுழலும் என்ஜினைத் தடுத்துப் பிடித்து, அதன் முறுக்கு விசையை அளக்கும் கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். கிலோகிராம்-மீட்டரில் கண்ட முறுக்கு விசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 716-ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைசக்தி கிடைக்கும்.

அமெரிக்க நிறுவனங்கள் முன்பு கிராங்க்‌ஷாப்டில் அளந்தே எண்ணைப் போட்டன. கீழே உள்ள பல்சக்கரங்கள் விழுங்கும் சக்தி அதில் கழிக்கப்படவில்லை. 1980-களின் நடுவில் புரொபெல்லர் ஷாப்டில் அளக்கும் முறைக்கு அவை மாறின. அதனால் பழைய என்ஜினில் உள்ள எண்ணும் புதிய என்ஜினில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தாலும், தண்ணீரைத் தள்ளும் சக்தி ஒன்றாக இராது. பழைய மோட்டார் வாங்குவோர் இதை மனதில் கொள்ள வேண்டும்.

இன்றைய ஐ.எஸ்.ஓ. 8665 என்னும் சர்வதேசத் தரமும் அவுட்போர்டு மோட்டாருக்கு புரொபெல்லர் ஷாப்டையே அளவிடமாகக் கொள்கிறது. 25 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றுக்கு ஏற்றபடி அந்தக் கணக்கு சரிசெய்யப்படுகிறது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட்பிளேரில் அத்தனை வறண்ட காற்று ஏது? புழுக்கத்தில் என்ஜின் சற்றுக் குறைவாகவே இழுக்கும். தவிர, 10 சதவீதக் கூடுதல் குறைவை அமெரிக்கப் படகுத் தொழிலில் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் 10 குதிரைசக்தி என்றால் 9-ம் ஆகலாம், 11-ம் ஆகலாம்.

எண்ணெயும் புரொபெல்லரும்

கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மோட்டார்கள் நிறைய ஓடுகின்றன. மண்ணெண்ணெயில் என்ஜின் தட்டாமல் இருப்பதற்காக அவற்றில் அமுக்க விகிதத்தைக் குறைத்து அமைக்கிறார்கள். அதே அளவுள்ள பெட்ரோல் மோட்டாரைவிட அவற்றின் சக்தி குறைவு.

சொன்ன சக்தி சொன்ன சுற்றில்தான் கிடைக்கும். முழு வேகத்தில் 4,500 முதல் 5,500 சுற்று ஓட வேண்டிய மோட்டாரில், சாய்வு அதிகமான புரொபெல்லரை மாட்டிப் பாரம் ஏற்றினால், அது 4,000 சுற்றிலேயே திணறும். வாங்கிய குதிரைகளில் சில லாயத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை! எண்ணெய்ச் செலவு மட்டும் ஏறும். பாரப் படகுக்குச் சாய்வு குறைந்த புரொபெல்லரே ஏற்றது.

உள்ளே பொருத்தும் டீசல் என்ஜினோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. மெதுவாகச் சுழலும் அதன் பெரிய புரொபெல்லர், அதே குதிரைசக்தி உள்ள அவுட்போர்டைவிடக் கனமான டிங்கியை நன்றாகத் தள்ளும். அதற்காகத் தேவைக்கு மேல் பெரிய அவுட்போர்டு வாங்குவதும் தவறு. சக்தி இரு மடங்கானால் வேகம் இரு மடங்காகாது. கூடுதல் எடை பின்பலகையை அழுத்திப் படகுக்கே ஆபத்தாகலாம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை நான்கு: கிலோவாட் எவ்வளவு? அது புரொபெல்லர் ஷாப்டில் அளந்ததா? எத்தனை சுற்றில்? எந்த எண்ணெயில்? பதில் கிடைத்தபின், வழக்கமான பாரத்தை ஏற்றி, எதிர்க்காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சுற்றையும் அளந்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். தென்மேற்குப் பருவக் காற்றில் தீவுக்கும் தீவுக்கும் நடுவே நிற்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை.