டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்கு மட்டும்தானா?

நம்ம காவேரிப்பட்டினத்துல டென்னிஸ் பால்னு சொன்னா எல்லாருக்கும் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். டென்னிஸ் ஆடுறதுக்கும் அதே பந்துதான்னு சொன்னா சின்னப் பசங்க சிரிப்பாங்க. போன வாரம் ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. எட்டு வயசுப் பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் போனை எடுத்துடுறான். "டியூஷன்ல சேர்க்கட்டுமா, டென்னிஸ்ல சேர்க்கட்டுமா? டென்னிஸால என்ன பிரயோஜனம்?" இதுதான் அவங்க கேள்வி.

முதல்ல உடம்பைப் பார்ப்போம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியா 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்குற அளவுக்கு ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அடுத்தது கண். சீனாவின் குவாங்சோ நகரத்தில், சில பள்ளிகளில் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளியில் ஒரு வகுப்பு வச்சாங்க. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தபோது, அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்ற பள்ளிகளில் அது 39.5 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது.

இங்கே ஒண்ணை நேர்மையா சொல்லிடணும். இந்த ரெண்டு பலனும் டென்னிஸுக்கு மட்டும் சொந்தம் இல்லை. கபடி ஆடினாலும், வெளியில் ஓடிப் பிடிச்சு விளையாடினாலும் கிடைக்கும். அப்போ டென்னிஸ்ல தனியா என்ன இருக்கு?

கிரிக்கெட்ல சின்னப் பையனை பவுண்டரி பக்கம் நிக்க வச்சிருவாங்க. பேட்டிங் வர்றதுக்குள்ள இருட்டிடும். டென்னிஸ்ல அப்படி இல்லை. வர்ற ரெண்டு பந்துல ஒண்ணு நம்ம பந்து. ஒவ்வொரு பந்துக்கும் கண் பார்க்கணும், கால் நகரணும், கை சரியான நேரத்துல போகணும். ஒரு பாயிண்ட் போச்சுன்னா அழ நேரமில்லை. அடுத்த பாயிண்ட் அங்கேயே ஆரம்பிச்சிடும்.

எனக்கு இதைவிடப் பெரிசாப் படுறது வேற ஒண்ணு. பிள்ளைகள் ஆடுற பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் கிடையாது. நம்ம பக்கம் விழுற பந்து உள்ளேயா வெளியேயான்னு நாமதான் சொல்லணும். கோட்டைத் தொட்டாலும் உள்ளேதான். சந்தேகம் இருந்தா எதிராளிக்குச் சாதகமா சொல்லணும்.

என் மகளுக்கு ஒன்பது வயசு. கிருஷ்ணகிரியில் ஒரு பயிற்சி ஆட்டத்துல கோட்டில் பட்ட பந்தை "அவுட்"னு கத்திட்டா. வேலிக்கு வெளியே நின்ன எனக்கு நல்லாத் தெரிஞ்சது. ஆனா பெற்றோர் குறுக்கே பேசக்கூடாது. அவ ஜெயிச்சா. பைக்ல வரும்போது பாதி வழி வரைக்கும் பேசவே இல்லை. அப்புறம் முதுகுக்குப் பின்னாடி இருந்து மெதுவா, "அப்பா, அது லைன்ல பட்டுச்சு"ன்னா. நான் திட்டலை, "எனக்கும் தெரியும்டா"ன்னு மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு பந்து. ஒரு நொடி யோசிச்சுட்டு "இன்"னு சொன்னா. அன்னைக்குத் தோத்துட்டுதான் வந்தா. நான் நிப்பட் வாங்கிக் கொடுத்தேன். இந்தப் பாடத்தை எந்த டியூஷன்ல சொல்லிக் கொடுப்பாங்க?

"என் பையன் நோஞ்சானா இருக்கானே"ன்னு தயங்குறவங்களுக்கு விஜய் அமிர்தராஜ் கதையைச் சொல்றேன். 1953-ல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயசுல நுரையீரல் கோளாறால் ஆஸ்பத்திரியும் வீடுமா இருந்தவர். உடம்பு தேறட்டும்னுதான் டென்னிஸ் மட்டையைக் கையில் கொடுத்தாங்க. அந்தப் பையன் 1973-ல் விம்பிள்டன் கால் இறுதி வரை போனார். 2024-ல் லியாண்டர் பயஸோடு சேர்ந்து சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடிச்சார். எல்லாப் பிள்ளையும் அங்கே போகப் போறதில்லை. ஆனா தொடங்கினது ஆரோக்கியத்துக்காக, கோப்பைக்காக இல்லை.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? பெரியவங்க மட்டையையும் மஞ்சள் பந்தையும் கொடுக்காதீங்க. பந்து தலைக்கு மேல எழும்பும், பிள்ளை வெறுத்துடும். எட்டு வயசு வரைக்கும் சிவப்புப் பந்து, அது சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் மெதுவா வரும். அடுத்து ஆரஞ்சு, 50 சதவீதம். அப்புறம் பச்சை, 25 சதவீதம். மட்டை ஏழெட்டு வயசுக்கு 23 அங்குலம் போதும். கோர்ட் தூரமா இருந்தா வாரம் ரெண்டு நாள் போனால் போதும். மற்ற நாளில் வீட்டுச் சுவர் இருக்கு. சுவர் ஒரு பந்தைக்கூட விடாது!

ஒரே ஒரு எச்சரிக்கை. டென்னிஸ்ல ஒரு கைக்கும் தோளுக்கும்தான் வேலை அதிகம். அதனால நீச்சல், கபடி, ஓட்டம்னு மற்றதையும் விட்டுடாதீங்க. தோள் வலின்னு பிள்ளை சொன்னா அன்னைக்கு மட்டையைத் தொட விடாதீங்க.

அந்த அம்மாவுக்கு என் பதில்: டியூஷனும் இருக்கட்டும், ஆனா வாரத்துல ரெண்டு சாயங்காலத்தை டென்னிஸுக்கு ஒதுக்குங்க. மூணு மாசம் பாருங்க. ஆட்டம் முடிஞ்சு வந்ததும் "ஜெயிச்சியா?"ன்னு கேக்காதீங்க. "இன்னைக்கு எந்தப் பந்து கஷ்டமா இருந்துச்சு?"ன்னு கேளுங்க. பையன் என்ன சொன்னான்னு எனக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.